ட்ரெய்னரில் 205 வாட், கோத்தகிரி ஏற்றத்தில் 235 வாட்: நடுவில் உள்ள 30 எங்கே போகிறது?

கேள்வி இது: திருப்பூரில் வீட்டு மாடி அறையில் டைரக்ட் டிரைவ் ட்ரெய்னர் (பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி) இருக்கிறது. சைக்கிளில் இடது கிராங்க்கில் (பெடலைத் தாங்கும் கை) மட்டும் பவர் மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறியபோது சிறந்த 20 நிமிடச் சராசரி 235 வாட். அடுத்த வாரம் அறையில் உயிரைக் கொடுத்து மிதித்தும் ட்ரெய்னர் காட்டியது 205. ட்ரெய்னர் கோளாறா, மீட்டர் கோளாறா, காலில்தான் கோளாறா? பயிற்சிக்கு எந்த எண்ணை வைத்துக்கொள்வது?

வணக்கம்ங்க. முதலில் ஒரு நல்ல செய்தி. ஒரே சைக்கிளைத்தான் மலையிலும் ஓட்டுகிறீர்கள், ட்ரெய்னரிலும் மாட்டுகிறீர்கள். கிராங்க் மீட்டர் இரண்டு இடத்திலும் உங்கள் காலடியிலேயே இருக்கிறது. அறையில் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு ட்ரெய்னர் சொன்ன எண்ணை மட்டும் பார்த்ததுதான் குழப்பத்துக்குக் காரணம். இந்த 30 வாட்டில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு பங்கு கருவிக்கும் கருவிக்கும் உள்ள வித்தியாசம். மறு பங்கு, உங்கள் உடம்பே அறைக்குள் குறைவாகச் செய்த வேலை. முதல் பங்கைப் பிரித்து எடுத்து வைக்காமல் இரண்டாவதைப் பற்றிப் பேசவே முடியாது. "உள்ளே எனக்கு 13 சதவீதம் குறையுது" என்று இப்போதே முடிவுக்கு வர வேண்டாம்.

கருவியிலிருந்து தொடங்கலாம். கிராங்க்கில் இருக்கும் மீட்டர் செயினுக்கு முன்னால் அளக்கிறது. ட்ரெய்னர் செயினையும் கேசட்டையும் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு) தாண்டி வந்ததை அளக்கிறது. நடுவில் செயின் உரசலில் 2 முதல் 3 சதவீதம் சூடாகப் போய்விடும். சுத்தமான, எண்ணெய் இட்ட செயினுக்கான கணக்கு இது. பல்லடம் பக்கத்துச் செம்மண் புழுதி ஒட்டிய செயின் என்றால் இழப்பு இன்னும் கூடும். 11, 12 பல் போன்ற சின்னப் பல்சக்கரத்தில் செயின் கோணலாக ஓடினாலும் கூடும். ஆகவே 235 வாட்டில் ஏறக்குறைய 6 வாட் ட்ரெய்னரின் கண்ணுக்கே படாது. எந்தக் கருவியிலும் பிழையே இல்லாவிட்டாலும் இந்த 6 இருந்தே தீரும்.

அடுத்தது துல்லிய வரம்பு. ட்ரெய்னர் பெட்டியில் ±2 சதவீதம் என்று போட்டிருக்கும். விலை கூடியவற்றில் ±1. கிராங்க் மீட்டரில் பெரும்பாலும் ±1 முதல் ±1.5. இதைக் கூட்டிப் பாருங்கள். காலில் உண்மையாக 200 வாட் போகிறது என்று வைப்போம். ±1 சதவீத மீட்டர் 198 முதல் 202 வரை எதையும் காட்டலாம். செயின் இழப்புக்குப் பிறகு ட்ரெய்னருக்கு வருவது 195. ±2 சதவீதம் என்றால் அது 191 முதல் 199 வரை காட்டலாம். மீட்டர் 202, ட்ரெய்னர் 191 என்று 11 வாட் இடைவெளி வந்தாலும் இரண்டு கம்பெனியும் தங்கள் சொல்லைக் காப்பாற்றியதாகத்தான் அர்த்தம். சைக்கிள்காரர்கள் பலர் இந்த இடத்தில் கோபப்பட்டு ட்ரெய்னரைத் திருப்பி அனுப்புகிறார்கள். தேவையில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய சந்தேகம் வேறு. இடது பக்கம் மட்டும் அளக்கும் மீட்டர், இடது காலின் வேலையை அளந்து அதை இரண்டால் பெருக்கிச் சொல்கிறது. வலது காலை அது பார்ப்பதே இல்லை. இடது கால் 51.5, வலது 48.5 என்று பகிர்ந்து மிதிப்பவருக்கு மீட்டர் 3 சதவீதம் கூடுதலாகக் காட்டும். இடது 48 என்றால் 4 சதவீதம் குறைத்துக் காட்டும். இந்த அளவு ஏற்றத்தாழ்வு ஆரோக்கியமான கால்களிலும் சாதாரணம். அது நிலையாகவும் இருப்பதில்லை என்பதுதான் தொல்லை. மெதுவாகப் போகும்போது 50–50 இருந்தவருக்கு, மூச்சு வாங்கும் வேகத்தில் 52–48 ஆகிவிடும். களைத்த பிறகு இன்னொரு மாதிரி மாறும். இரண்டு பக்கமும் அளக்கும் பெடல் யாரிடமாவது இருந்தால் ஒரே ஒரு நாள் கடன் வாங்கி 120, 180, 230 வாட்டில் உங்கள் பங்கீட்டைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டியதும் சைக்கிள் கம்ப்யூட்டரிலோ பெடலின் செயலியிலோ உங்கள் கிராங்க் நீளத்தைச் சரியாகப் பதிய வேண்டும். பெடல் மீட்டர் விசையைத்தான் அளக்கிறது. நீளத்தால் பெருக்கித்தான் முறுக்குவிசை வருகிறது. 170 மி.மீ. கிராங்க்கை 172.5 என்று விட்டுவிட்டால் அங்கேயே 1.5 சதவீதம் கூடுதலாகக் காட்டும். பூட்டிய கையோடு நாலைந்து முறை பலமாக மிதித்து இழையை இறுகவிட்டு, பிறகு ஜீரோ (பாரம் இல்லாதபோது மீட்டர் பூஜ்யம் காட்டும்படி சரிசெய்வது) செய்ய வேண்டும்.

ஜீரோ பற்றி ஒரு கேள்வி. மேட்டுப்பாளையத்தில் கிளம்பும்போது ஜீரோ செய்தீர்களா? காரில் ஏசி போட்டு சைக்கிளைக் கொண்டுவந்து, இறக்கிய அடுத்த நிமிடமே செய்தீர்களா? மீட்டருக்குள் இருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ், உலோகம் எவ்வளவு வளைகிறது என்பதை அளப்பது. வெப்பம் மாறினால் உலோகம் தானாகவே நீளும், சுருங்கும். நல்ல மீட்டர்கள் இதைக் கணக்கில் எடுத்துத் திருத்திக்கொள்ளும். ஆனால் அந்தத் திருத்தம் முழுமையானதல்ல. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 325 மீட்டர் சுமார். கோத்தகிரி 1,800 மீட்டர் சுமார். உயரம் 1,000 மீட்டர் கூடினால் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஏறி முடிப்பதற்குள் 9, 10 டிகிரி இறங்கிவிடுகிறது. இதனால் ஜீரோ அரை நியூட்டன் மீட்டர் நகர்ந்தாலும், 70 கேடன்ஸில் (நிமிடத்துக்குப் பெடல் சுற்றும் எண்ணிக்கை) அது 3.7 வாட். இடது மட்டும் உள்ள மீட்டர் அதையும் இரண்டால் பெருக்கும். ஏழு வாட்டுக்கு மேல் காற்றிலிருந்து வந்தது போல வந்து சேரும்.

செய்ய வேண்டியது எளிது. சைக்கிளைக் காரிலிருந்து இறக்கி நிழலில் 15, 20 நிமிடம் வையுங்கள். பிறகு 10 நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். இறங்கி, சைக்கிளை நேராக நிறுத்தி, இடது கிராங்க் நேராகக் கீழே பார்க்க, பெடலில் கால் இல்லாமல் ஜீரோ செய்யுங்கள். திரையில் வரும் எண்ணை எழுதி வையுங்கள். பாதி மலையில் டீ குடிக்க நிற்கும்போது இன்னொரு முறை. எண் முந்தையதிலிருந்து லேசாக நகர்ந்தால் கவலை இல்லை. தாவினால் பேட்டரியையும் மூடியையும் பாருங்கள். மீட்டர் கிறுக்குத்தனமாகக் காட்டும்போது பல சமயம் குற்றவாளி, தளர்ந்த பேட்டரி மூடிக்குள் புகுந்த மழைத் தண்ணீர்தான்.

ட்ரெய்னரின் பக்கமும் இதே மாதிரி ஒரு கடமை உண்டு: ஸ்பின்டவுன், அதாவது ட்ரெய்னர் தன் உரசலைத் தானே அளந்துகொள்ளும் சோதனை. பத்து பதினைந்து நிமிடம் ஓட்டி பெல்ட்டும் பேரிங்கும் சூடான பிறகு, தயாரிப்பாளரின் செயலியைத் திறந்து, அது கேட்கும் வேகம் வரை (பொதுவாக 35 கி.மீ.க்குச் சற்று மேலே) மிதித்து, காலை நிறுத்தி, சக்கரம் தானாக நிற்கும்வரை தொடாமல் இருக்க வேண்டும். குளிர்ந்த ட்ரெய்னரில் செய்த ஸ்பின்டவுன், செய்யாததை விட மோசம். குளிரில் உள்ள கூடுதல் உரசலையே இயல்பு என்று அது நினைவில் வைத்துக்கொண்டு, சூடான பிறகும் தப்பாகவே கணக்கிடும். அறை மாற்றினாலோ, ட்ரெய்னரைக் காரில் ஏற்றி இறக்கினாலோ, சித்திரை போய் ஆடி வந்தாலோ மறுபடி செய்யுங்கள். சில உயர்விலை மாடல்களுக்கு இது தேவையில்லை. டாக்ஸ் நியோ வரிசை அப்படிப்பட்டது. பின் டயரை உருளையில் அழுத்தும் பழைய வகை ட்ரெய்னர் என்றால் தினமும் ஒரே காற்றழுத்தம், குமிழை ஒரே எண்ணிக்கையில் திருகுவது, ஓட்டி டயர் சூடான பிறகே ஸ்பின்டவுன். இதில் ஒன்றை விட்டாலும் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

இனி முக்கியமான வேலை: இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வது. ட்ரெய்னரை நீங்கள் பயன்படுத்தும் செயலியோடு இணையுங்கள். கிராங்க் மீட்டரைச் சைக்கிள் கம்ப்யூட்டரோடு இணையுங்கள். கம்ப்யூட்டரில் கட்டாயம் பார்க்க வேண்டிய அமைப்புகள் இரண்டு. பதிவு இடைவெளி ஒரு நொடி என்று இருக்க வேண்டும். "ஸ்மார்ட்" பதிவு (மாற்றம் வரும்போது மட்டும் பதிவது) கூடாது. சராசரியில் பூஜ்யங்களையும் சேர்க்க வேண்டும். கம்ப்யூட்டர் தவறுதலாக ட்ரெய்னரின் பவரையே பிடித்துக்கொள்வதும் நடக்கும். அதனால் சென்சார் பட்டியலில் ட்ரெய்னர் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இதைக் கவனிக்காதவர்கள் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிவதைப் பார்த்து "ஆஹா, துல்லியம்" என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ட்ரெய்னரை ட்ரெய்னரோடே ஒப்பிட்டிருக்கிறார்கள்.

15 நிமிடம் சூடேற்றம். ஸ்பின்டவுன். கிராங்க் ஜீரோ. பிறகு 100, 150, 200, 240 வாட் என்று ஒவ்வொன்றிலும் 4 நிமிடம், கேடன்ஸ் 85 பக்கம். அடுத்து 180 வாட்டை வைத்துக்கொண்டு 60, 75, 95 என மூன்று கேடன்ஸில் தலா 3 நிமிடம். கடைசியாக 180 வாட்டில் அசையாமல் 15 நிமிடம். எல்லாவற்றையும் முன்னால் பெரிய செயின்ரிங் (முன்பக்கப் பல்சக்கரம்), பின்னால் நடு பல்சக்கரம் (17 அல்லது 19 பல்), செயின் நேராக ஓடும் நிலையில் செய்யுங்கள். முடிந்தால் 200 வாட் கட்டத்தை மட்டும் சின்ன செயின்ரிங்கில் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். சில ட்ரெய்னர்கள் சக்கரம் சுழலும் வேகத்தைப் பொறுத்து வேறு எண் காட்டும்.

இரண்டு ஃபிட் ஃபைலையும் (சவாரியின் பதிவுக் கோப்பு) கோல்டன் சீட்டா போன்ற இலவச மென்பொருளில் திறந்து, நேரத்தைப் பொருத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் முதல் ஒரு நிமிடத்தை வெட்டிவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். கோடுகளின் வடிவத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எர்க் மோடில் (நீங்கள் வைத்த வாட்டை ட்ரெய்னரே பிடித்து வைக்கும் முறை) ட்ரெய்னர் சொல்லும் கோடு, கோலமாவு போட்ட நேர்கோடு மாதிரி 200லேயே நிற்கும். கிராங்க் கோடு 188க்கும் 213க்கும் நடுவே துள்ளிக்கொண்டிருக்கும். மனிதக் கால் துள்ளத்தான் செய்யும். ட்ரெய்னர் அந்தத் துள்ளலை மழுப்பி அனுப்புகிறது. சில செயலிகளில் இந்த மழுப்பலை அணைக்க வழி உண்டு, அணைத்துவிட்டால் நல்லது. எப்படியானாலும் நிமிடக் கணக்கிலான சராசரியைத்தான் ஒப்பிட வேண்டும்.

இப்போது கிடைத்த எண்களை எப்படிப் படிப்பது? எல்லாக் கட்டத்திலும் கிராங்க் 2 முதல் 5 சதவீதம் கூடுதலாக, ஒரே சீராக இருந்தால் இரண்டு கருவியும் ஆரோக்கியம். 100 வாட்டில் 8 வாட், 240 வாட்டிலும் அதே 8 வாட் என்று வித்தியாசம் வாட் கணக்கில் நிலையாக இருந்தால், எங்கோ ஜீரோ நகர்ந்திருக்கிறது. வாட் கூடக்கூட சதவீதமும் ஏறினால் உங்கள் இடது கால் வேகத்தில் கூடுதல் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது என்று சந்தேகிக்கலாம்; கடன் வாங்கிய பெடல் அதை உறுதி செய்யும். கேடன்ஸ் மாறும்போது மட்டும் இடைவெளி மாறினாலும் ஜீரோவைத்தான் முதலில் பாருங்கள், ஏனென்றால் ஜீரோ பிழை கேடன்ஸோடு பெருகும். கடைசி 15 நிமிடத்தில் தொடக்கத்தில் 3 சதவீதமாக இருந்தது முடிவில் 6 ஆனால், சூட்டில் ஏதோ ஒன்று நகர்கிறது, பெரும்பாலும் ட்ரெய்னர். கிராங்க் குறைவாகவும் ட்ரெய்னர் கூடுதலாகவும் காட்டுவது மட்டும் இயற்கைக்கு விரோதம். செயினுக்குப் பின்னால் ஆற்றல் முளைக்காது. அப்படி வந்தால் ஒன்று கண்டிப்பாகத் தப்பு, அல்லது உங்கள் வலது கால் பலமானது.

எந்தக் கருவியை நம்புவது என்று தெரிய மூன்றாவது சாட்சி வேண்டும். நம் ஊரில் அது மலிவாகவே கிடைக்கிறது: மளிகைக் கடை அல்லது மண்டியில் உள்ள, எடையளவுத் துறை முத்திரை வைத்த 20 கிலோ இரும்பு எடைக்கல். பின் பிரேக்கை ரப்பர் பட்டையால் இறுகக் கட்டி, இடது கிராங்க் முன்பக்கம் பார்த்துப் படுக்கை மட்டமாக நிற்கும்படி வையுங்கள். அலைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியைக் கிராங்க் மேல் வைத்தால் போதும். கல் இல்லாமல் மீட்டர் காட்டும் முறுக்குவிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கல்லை மெல்லிய கயிற்றில் கட்டி, கயிறு பெடல் தண்டின் நடுவே விழும்படி தொங்கவிட்டு, ஆட்டம் நின்றதும் மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், 170 மி.மீ. கிராங்க்குக்கு 20 × 9.81 × 0.170, அதாவது 33.4 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். இரண்டால் பெருக்கிக் காட்டும் மீட்டர் என்றால் 66.7. ஒரு சதவீதத்துக்குள் வந்தால் மீட்டர் சத்தியவந்தன். 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் கயிறு விழுந்த இடத்தையும் கிராங்க் மட்டத்தையும் சரிபார்த்து மூன்று முறை திரும்பச் செய்யுங்கள்; அப்போதும் விலகினால் கருவியைத் தயாரித்தவருக்கு அந்த எண்களோடு எழுதலாம். எல்லா மீட்டரும் முறுக்குவிசையை வெளியே காட்டுவதில்லை; சில பெடல்களின் செயலியில் இந்த எடைச் சோதனைக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது.

மலையும் ஒரு தராசுதான். கோத்தகிரிப் பாதையில் மரங்கள் அடர்ந்த, காற்று படாத ஒரு 9 கி.மீ. துண்டை எடுத்துக்கொண்டு, அதில் 500 மீட்டர் உயர்வதாக வைப்போம். நீங்கள், சைக்கிள், தண்ணீர் பாட்டில், ஷூ, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 80 கிலோ. 40 நிமிடத்தில் ஏறினீர்கள். எடையைத் தூக்கிய வேலை 80 × 9.81 × 500, அதை 2,400 நொடியால் வகுத்தால் 163.5 வாட். வேகம் 13.5 கி.மீ.; டயர் உரசலுக்கு 15 வாட் அளவில், காற்றைக் கிழிக்க 11 வாட் அளவில். கூட்டினால் 189 அல்லது 190. செயின் இழப்பைச் சேர்த்தால் கிராங்க்கில் 195 வாட். இந்தக் கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் வெறும் எடையும் உயரமும்தான்; ஊகத்துக்கு இடம் குறைவு. அதனால்தான் சரிவு 5 சதவீதத்துக்கு மேலிருந்தால் இது நம்பத்தக்கது. கிராங்க் மீட்டர் இதே ஏற்றத்துக்கு 195க்குப் பதில் 210 காட்டினால் அது கூட்டிச் சொல்கிறது. உங்கள் எடையைக் கிளம்பும் அன்று காலையில் உடுப்போடு எடுங்கள். ஒரு கிலோ தப்பினால் இரண்டு வாட்டுக்கு மேல் தப்பும்.

இதே கணக்கைச் சமவெளியில் போட்டுப் பார்க்க வேண்டாம். வைகாசி முதல் புரட்டாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளையே சுற்ற வைக்கிறது. அந்தச் சாலையில் வேகத்தை வைத்து வாட்டை ஊகிக்கும் செயலியின் எண்ணுக்கு எந்த மதிப்பும் கிடையாது. அவிநாசி சாலைச் சிக்னல்களில் நின்று நின்று போன சராசரியை ட்ரெய்னர் சராசரியோடு ஒப்பிடுவதும் அப்படித்தான். சாலையில் கால் ஓயும் நொடிகள் பூஜ்யமாக விழும்; ட்ரெய்னரில் ஓய்வே இல்லை. 'நார்மலைஸ்டு பவர்' (பலமாக மிதித்த நேரத்துக்குக் கூடுதல் எடை கொடுக்கும் சராசரி) எண்ணும் இந்த ஒப்பீட்டுக்கு உதவாது. விட்டுவிட்டு மிதித்த சவாரியில் அது சராசரியை விட எங்கோ மேலே நிற்கும். நீண்ட ஏற்றத்தின் 20 நிமிடச் சராசரியோடு ட்ரெய்னரின் 20 நிமிடச் சராசரியை ஒப்பிட்ட உங்கள் முறை சரியானது.

கருவிப் பங்கு முடிந்தது. செயினில் 6, இடது காலில் ஒரு 7, ஸ்பின்டவுன் செய்யாததிலோ ஜீரோவிலோ 4, 5 என்று போனால் 30 வாட்டில் பாதிக்கு மேல் விளக்கம் கிடைத்துவிடும். இது என் ஊகம். மேலே சொன்ன ஒரு மணி நேரப் பதிவு உங்கள் உண்மையான எண்ணைத் தரும். மிஞ்சுவது 12 வாட் என்று வைத்துக்கொள்வோம். அது அனேகமாகச் சூடு.

மனித உடம்பு எஞ்சினாக ரொம்பச் சிக்கனமானது இல்லை. சாப்பிட்டதில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது. பெடலில் 200 வாட் போட்டால் உடம்புக்குள் 700 வாட் அளவு வெப்பம் பிறக்கிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்று ஓயாமல் எரிகிற மாதிரி. அதை வெளியேற்றும் ஒரே பெரிய வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 670 வாட் வெப்பத்தைக் கொண்டுபோகும். தோலில் ஆவியான வியர்வைக்குத்தான் இந்தக் கணக்கு. தரையில் சொட்டியதற்கு ஒரு வாட்டும் கிடையாது. ட்ரெய்னருக்குக் கீழே குளம் கட்டி நிற்கும் வியர்வையைப் படம் எடுத்துப் பெருமையாகப் போடுகிறார்கள். அது குளிர்விப்பு தோற்றதற்கான அடையாளம்.

மலையில் 13 கி.மீ. வேகத்தில் ஏறும்போதே நொடிக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் காற்று மேலே படுகிறது, அதுவும் விடியற்காலைக் காற்று, ஏற ஏறக் குளிரும் காற்று. திருப்பூரில் மாடி அறை, மேலே நாள் முழுக்க வெயில் குடித்த தார்சு. ராத்திரி எட்டு மணிக்கும் தொட்டால் சுடும். அறை 32 டிகிரி, மேலே ஒரு சீலிங் ஃபேன். இதயம் இப்போது காலுக்கும் இரத்தம் தர வேண்டும், தோலைக் குளிர்விக்கவும் தர வேண்டும். பத்தாவது நிமிடத்திலிருந்து நாடித்துடிப்பு தானாக ஏறும், வாட் அதே இடத்தில் நிற்கும், பதினைந்தில் கால் விட்டுவிடும்.

சோதிக்கும் வழி: கிராங்க் மீட்டர் காட்டும் 180 வாட்டில் 40 நிமிடம் ஓட்டி, முதல் 20 நிமிட நாடித்துடிப்புச் சராசரியையும் பின் 20 நிமிடத்ததையும் பாருங்கள். 5 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் அறைதான் உங்களைத் தின்கிறது. அதே 180ஐ விடியற்காலையில் வெளியே ஓட்டி ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

மருந்து காற்றுதான். சீலிங் ஃபேன் போதாது. பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிள் பக்கத்தில் நிறுத்தியிருப்பார்களே, அந்த மாதிரி பெரிய பெடஸ்டல் ஃபேன் ஒன்று, ஹேண்டில்பாருக்கு முன்னால் ஒரு மீட்டர் தூரத்தில், நெஞ்சு உயரத்துக்கு. இரண்டாவது ஃபேன் பின்பக்கத்திலிருந்து முதுகுக்கும் தொடைக்கும். ஜன்னல் இரண்டும் திறந்திருக்க வேண்டும். சூடான ஈரக்காற்று வெளியே போக வழி இல்லாவிட்டால் எத்தனை ஃபேன் வைத்தாலும் அதே காற்றைத்தான் சுற்றிவிடும். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் பங்குனி சித்திரையின் வறண்ட காற்றில், ஜன்னல் திறந்த அறையில் உதவும். மூடிய அறையிலும், ஐப்பசி மழை நாளிலும் அது ஈரத்தைக் கூட்டி வியர்வை ஆவியாவதையே தடுக்கும். ஏசி இருந்தாலும் ஃபேனை நிறுத்தாதீர்கள். வசதியில்லாவிட்டால் நேரத்தை மாற்றுங்கள்: சாயங்காலத்தை விட விடியற்காலை ஐந்து மணிக்கு அதே அறை பல டிகிரி குறைவாக இருக்கும். இன்னொன்று: ட்ரெய்னர் மட்டும் இன்வெர்ட்டரில், பெடஸ்டல் ஃபேன் நேர் கரண்டில் என்று இருந்தால், கரண்ட் போன நிமிடத்திலிருந்து அந்தச் சோதனை செல்லாது.

சூடு தவிர மிச்சம் சில உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 80 கிலோ மொத்த எடை 30 கி.மீ. வேகத்தில் போகும்போது 2,800 ஜூல் அளவு இயக்க ஆற்றல் சேமிப்பில் இருக்கிறது, 13.5 கி.மீ. ஏற்றத்தில் வெறும் 560. அதனால்தான் ஏற்றத்தில் ஒவ்வொரு மிதியிலும் பெடல் கெட்டியாக நிற்கிறது. ட்ரெய்னரில் பெரிய செயின்ரிங் சமவெளி மாதிரி, சின்ன செயின்ரிங் ஏற்றம் மாதிரி இருக்கும். மலையோடு ஒப்பிடும் சோதனையைச் சின்ன செயின்ரிங்கிலேயே, மலையில் வரும் கேடன்ஸிலேயே செய்யுங்கள். முன் சக்கரத்துக்குக் கீழே 5 செ.மீ. பலகை வைத்தால் 5 சதவீதச் சரிவின் உட்காரும் கோணம் வந்துவிடும். சக்கர இடைவெளி ஏறக்குறைய ஒரு மீட்டர் என்பதால் கணக்கு நேராகவே வருகிறது. வெளியே சைக்கிள் உங்களோடு ஆடும், உள்ளே ஆடாது. ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 15 நொடி எழுந்து நின்று மிதியுங்கள். சோதனையை எர்க் மோடில் செய்ய வேண்டாம். களைத்து கேடன்ஸ் இறங்கினால் அது அதே வாட்டுக்காகப் பெடலை இன்னும் கெட்டியாக்கும், கேடன்ஸ் இன்னும் இறங்கும், கால் சிக்கி நின்றுவிடும். உயரத்தைப் பொறுத்தவரை, கோத்தகிரி ஏற்றத்தின் கீழ்ப்பாதியில் அது பொருட்டே இல்லை. ஊட்டியின் 2,240 மீட்டரில் சோதனை செய்தால் மட்டும், பழகாத உடம்புக்கு 7 முதல் 10 சதவீதம் குறையலாம்.

கடைசியாக, எந்த எண். கிராங்க் மீட்டரையே இரண்டு இடத்துக்கும் ஒரே தராசாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓட்டும்போது செயலியில் பவருக்கான இடத்தில் கிராங்க் மீட்டரையும், எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் இடத்தில் ட்ரெய்னரையும் இணைக்கலாம். ட்ரெய்னர்ரோடு போன்ற சில செயலிகளில் பவர்மேட்ச் என்ற வசதி உண்டு. கிராங்க் காட்டும் எண் குறிக்கப்பட்ட வாட்டுக்கு வரும்படி ட்ரெய்னரை அது இறுக்கித் தளர்த்தும். அந்த வசதி இல்லாத இடத்தில், பதிவில் கண்ட சதவீதத்தைக் கழித்துக்கொண்டு எர்க் இலக்கை வையுங்கள்: இடைவெளி 4 சதவீதம் என்றால், கிராங்க்கில் 200 வேண்டும் என்பதற்கு ட்ரெய்னரில் 192. இடது கால் பங்கால் அந்தத் தராசு 3 சதவீதம் கூட்டிச் சொன்னாலும் பயிற்சிக்குக் கெடுதல் இல்லை, உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி சொல்லும் வரை. ஆன்லைன் பந்தயத்திலோ, கிலோவுக்கு இத்தனை வாட் என்று மற்றவரோடு ஒப்பிடும்போதோ மட்டும் அந்த 3ஐக் கழித்துச் சொல்வதுதான் நேர்மை.

ஃபேன் வைத்து, கருவியைச் சரிசெய்து, இரண்டு வாரம் உள்ளே பழகிய பிறகும் ஒரே கிராங்க் மீட்டரில் 5 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், எஃப்டிபி (ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அதிகபட்ச வாட்) இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்: அறைக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று. வெளியே எடுத்த 235ஐ வைத்துப் போட்ட அட்டவணையை உள்ளே 32 டிகிரியில் துரத்தினால், மூன்றாவது வாரம் ட்ரெய்னர் மேல் துணி காயும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நோட்டில் ஆறு எண்கள் எழுதுங்கள்: கிராங்க் சராசரி, ட்ரெய்னர் சராசரி, ஜீரோ எண், கேடன்ஸ், நாடித்துடிப்பு, அறை வெப்பம். வெப்பத்துக்கு அலைபேசி சொல்லும் ஊர் வெப்பநிலை வேண்டாம். சைக்கிள் பக்கத்திலேயே ஒரு சின்ன வெப்பமானியைத் தொங்கவிட்டு, தொடங்கும்போது ஒருமுறை, முடிக்கும்போது ஒருமுறை பார்த்து எழுதுங்கள்.